கோட்டையூரிலிருந்து டில்லிக்கு

கோட்டையூரில் பெரிய வீடு ஒன்றுக்குள் நுழைகிறவர் பூகோள சாஸ்திரத்தைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. முகப்புத் தூண்கள் பர்மாத் தேக்கு. தரையில் பதித்த சலவைக்கல் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தது. சுவரில் மாட்டியிருக்கும் நிலைக்கண்ணாடிக்குப் பிறந்தகம் பெல்ஜியம். வளவில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தால், ரங்கூன் மொகல் தெருவில் எந்தக் கிட்டங்கி எங்கே இருந்தது, பினாங்கில் எந்த மூலையில் நல்ல காப்பி கிடைத்தது என்றெல்லாம், தம் தகப்பனார் சொல்லக் கேட்டதை நேரில் கண்டதுபோல் விவரிப்பார். கொழும்பும் ஸைகோனும் அவர் பேச்சில் அடுத்த தெருக்களாகிவிடும்.

இப்படிப்பட்ட ஒருவரிடம், "டில்லியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"காசிக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன்" என்பார்.

கேட்ட கேள்விக்கு இது பதில் அல்ல. ஆனாலும் செட்டிநாட்டில் பல வீடுகளில் இந்தப் பதில்தான் கிடைக்கிறது. காசியிலே நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. போனால் தங்க இடமும், இலை போட்டுச் சோறும், தமிழ் பேசும் மனிதர்களும் உண்டு. டில்லியில் என்ன இருக்கிறது? சர்க்கார் இருக்கிறது. சர்க்காரைப் பார்க்க யாராவது கைக்காசைச் செலவழித்துக்கொண்டு போவார்களா?

நாம் டில்லிக்குப் போகாவிட்டாலும் டில்லி நம்மிடம் ஒரு முறை வந்ததுண்டு. கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார், மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர வேண்டுமென்று 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார். அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டுவதற்காக 1948-ஆம் வருஷம் ஜூலை மாதம் 25-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு காரைக்குடிக்கு வந்தார். சுதந்திரம் வந்து ஒரு வருஷங்கூட ஆகாத சமயம். பிரதம மந்திரி அவ்வளவு தூரம் வந்து போன பிறகு, அந்த விஜயத்துக்குப் பதில் விஜயம் செய்ய நாம் ஏன் இத்தனை வருஷம் யோசிக்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

சமீபத்தில் கோட்டையூர் நண்பர் ஒருவர் வீட்டில் இந்த யோசனை ஒரு முடிவுக்கு வந்தது. குடும்பத்தோடு டில்லி போவது என்று தீர்மானித்தார்கள். தீர்மானித்த மறு கணமே, அந்த வீட்டுக் கல்லூரிப் பையன் ஒரு காகிதத்தை நீட்டினான். ஏழே நாள். டில்லி, ஆக்ரா, மதுரை அல்ல, வடக்கேயிருக்கும் மதுரா, ஹரித்வாரம், காசி. ஒவ்வோர் ஊருக்கும் நேரே மணிக்கணக்கு. படித்துப் பார்த்தேன். தூங்குவதற்கு மாத்திரம் அதில் நேரம் ஒதுக்கப்படவில்லை. இந்த மாதிரி யாத்திரை போய் வந்தவர்களை நான் அறிவேன். "செங்கோட்டை எப்படி இருந்தது?" என்றால் கைப்பேசியைத் திறந்து படத்தைத் தேடுவார்கள். கண்ணால் பார்த்திருந்தால் அல்லவா வாயால் சொல்ல முடியும்?

அந்த வீட்டில் எண்பது வயதான அப்பத்தா ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துப் போவதா, வீட்டில் விட்டுப் போவதா என்பதுதான் பெரிய விவாதம். முழங்கால் வலி இருக்கிறது. ரயிலில் மேல் படுக்கை ஏற முடியாது. குளிர் ஒத்துக்கொள்ளாது. "ஆத்தா, நீங்கள் வீட்டிலேயே இருங்கள், திரும்பி வந்து எல்லாவற்றையும் படத்தில் காட்டுகிறோம்" என்று மகன் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அப்பத்தா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்குக் குதுப்மினாரும் வேண்டாம், கடைத்தெருவும் வேண்டாம். ரங்கூன்ல அடக்கமாயிருக்காரே ஒரு ராசா, அவரு இருந்த வீட்டை ஒரு தடவை பாத்துட்டு வந்தாப் போதும்."

பேரப்பிள்ளைகள் விழித்தார்கள். எந்த ராஜா? எந்த வீடு?

அப்பத்தாவின் தகப்பனார் ரங்கூனில் கணக்கு எழுதியவர். 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து ஊர் திரும்பியவர்களில் ஒருவர். அவர் திரும்பி வந்த பிறகு பிறந்தவர் இந்த அப்பத்தா. சிறு வயதில் அவருக்குத் தகப்பனார் சொன்ன ரங்கூன் கதைகளில், யாரும் கவனியாத ஒரு மூலையில் அடக்கமாகியிருந்த ஒரு பாதுஷாவின் கதையும் ஒன்று. கதை மெய்தான். டில்லியின் கடைசி மொகலாயச் சக்கரவர்த்தியான பகதூர் ஷா, 1857-இல் சிப்பாய்களின் புரட்சி தோற்ற பிறகு, தமது மூதாதையான ஹுமாயூனின் சமாதியில் அடைக்கலம் புகுந்தார். ஆங்கிலேயர் அவரை அங்கிருந்து பிடித்து வந்து, 1858-இல் அவருடைய சொந்தக் கோட்டையிலேயே, அவருடைய சொந்த மண்டபத்திலேயே நிறுத்தி விசாரித்தார்கள். பிறகு ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1862-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி அவர் அங்கே காலமானார். புதைத்த இடம் தெரியக்கூடாதென்று அடையாளமில்லாமல் புதைத்தார்கள். உண்மையான சமாதி 1991-இல்தான், பூமியைத் தோண்டும்போது வெளிப்பட்டது.

அதாவது, டில்லியிலிருந்து விரட்டப்பட்ட பாதுஷா உறங்கிய ஊரிலேதான் நம் முன்னோர் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்த்தார்கள். இதைக் கேட்டபோது, கோட்டையூர்க் குடும்பம் ஒன்றுக்கு டில்லிக்குப் போக இதைவிட நல்ல காரணம் வேறு என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. பையனுடைய காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அப்பத்தாவின் முழங்காலையும் அப்பத்தாவின் ராஜாவையும் வைத்துப் பிரயாணத் திட்டத்தைப் புதிதாகப் போட்டோம். நேயர்களில் யாருக்காவது உபயோகப்படலாம் என்று அதைச் சொல்கிறேன்.

முதலில், எப்போது போவது? கோடை விடுமுறையில்தான் பள்ளிக்கூடம் நீளமாக மூடுகிறது. ஆனால் மே மாதத்து டில்லியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி 45 வரைக்கும் போகும். வயதானவர்களை அந்த வெயிலில் அழைத்துப் போவது பாவம். அரையாண்டு விடுமுறையான டிசம்பர் கடைசியில் மூடுபனி. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதிக்கும். எதிரே நிற்கும் கோபுரம்கூடக் கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு. மேலும் கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் கணக்குப் பார்த்து, இழை எடுத்துப் பிள்ளையார் நோன்பு முடிக்கும் வரையில் அப்பத்தா வீட்டைவிட்டு நகர மாட்டார். நவம்பர் மாதத்திலோ டில்லியின் காற்றில் புகை அதிகம், இருமல்காரர்களுக்கு ஆகாது. பிப்ரவரியும் மார்ச்சு முற்பாதியும் தங்கமான காலம். ராஷ்டிரபதி பவனத்துத் தோட்டத்தையும் அப்போது பொதுஜனங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஆனால் பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளைக் கிளப்ப எந்தத் தாயார் சம்மதிப்பாள்? மீதி இருப்பது செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை. மழை ஓய்ந்திருக்கும், குளிர் ஆரம்பித்திராது. சில வருஷங்களில் நவராத்திரியும் அதே சமயத்தில் வந்து, செங்கோட்டைக்கு எதிரே மைதானத்தில் ராமலீலா பார்க்கும் பாக்கியமும் கிடைக்கும். கொலுவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை அந்தந்த வீட்டாரே தீர்த்துக்கொள்ள வேண்டும். நான் அதில் தலையிட மாட்டேன்.

அடுத்தது ரயில். காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸ் மத்தியானத்துக்குள் சென்னையில் கொண்டுபோய் விட்டுவிடும். அன்றிரவே சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் நடுவே ஒரு முழுப் பகல், இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலையில் புது டில்லி. ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். சென்னைக்குப் போய் மாற விருப்பமில்லாதவர்கள் திருச்சியிலோ மதுரையிலோ, கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். ஆகாய விமானத்தில் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாமே என்பார்கள். போகலாம். ஆனால் கிருஷ்ணையும் கோதாவரியும் நர்மதையும் எங்கே இருக்கின்றன என்று பிள்ளைகளுக்கு எப்போது தெரிவது? போகும்போது ரயில், அப்பத்தாவுக்கு அலுப்பாக இருந்தால் திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொண்டோம்.

டிக்கட் விஷயத்தில் அசட்டையாக இருக்கக்கூடாது. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னதாகப் பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆகையால் நாட்காட்டியில் அந்த அறுபதாவது நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, காலையிலேயே பதிவு செய்துவிட வேண்டும். அப்பத்தாவின் வயதைத் தவறாமல் போடவேண்டும். கீழ்ப் படுக்கை கிடைக்க அது ஒன்றே வழி. முதியோருக்கிருந்த கட்டணச் சலுகையை 2020-இல் நிறுத்திவிட்டபடியால் காசு மிச்சமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரயில் சாப்பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தூக்கில் புளியோதரையும், டின்களில் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் மணகோலமும் இருக்கும்வரையில் செட்டிநாட்டுக் குடும்பத்துக்கு அந்தக் கவலையே இல்லை.

டில்லியில் நான்கு முழு நாள் போதும். ஆனால் அந்த நான்கும் முழு நாளாகவே இருக்கவேண்டும். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுவே இரண்டு மணி நேரம் படுக்கை. திங்கட்கிழமை எந்த நாளில் வருகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். செங்கோட்டையும் தேசியப் பொருட்காட்சி சாலையும் காந்தி ஸ்மிருதியும் திங்கட்கிழமை மூடிக்கிடக்கும். குதுப்மினாரும் ஹுமாயூன் சமாதியும் எல்லா நாளும் திறந்திருக்கும். எனவே திங்கட்கிழமை இவ்விரண்டுக்கும் உரியது.

குதுப்மினார் 72 மீட்டருக்கு மேல் உயரம். அண்ணாந்து பார்த்தால் போதும். அதன் பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூணை மாத்திரம் பிள்ளைகள் நின்று பார்க்கவேண்டும். குப்தர் காலத்துத் தூண். சுமார் 1,600 வருஷமாக மழையிலும் வெயிலிலும் நின்றும் துருவேறி அழியவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாயிருப்பதால் மேலே ஒரு மெல்லிய படலம் உண்டாகி அதைக் காக்கிறது என்று நம் காலத்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். காரைக்குடியில் நேரு கல் நாட்டிய அந்த ஆராய்ச்சி நிலையத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று, உலோகங்கள் துருப்பிடிப்பதைத் தடுப்பது எப்படி என்று ஆராய்வதுதான். "நம் ஊர் வேலை இங்கே நிற்கிறது பார்!" என்று சொன்னால், பையன் கைப்பேசியைக் கீழே வைத்தாலும் வைப்பான்.

அன்று சாயங்காலம் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். சிறு குன்றின்மேல் ஸ்வாமிநாதன் நிற்கிறான். 1973-இல் கும்பாபிஷேகம் ஆன கோயில். பழனிக்குப் பாதயாத்திரை போகிற வீட்டாருக்கு இதைப் பற்றி நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டுமா? அதே பேட்டையில் 1946-இல் தொடங்கிய டில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது.

புது டில்லியைப் பார்ப்பதற்கு மாலை நேரம் ஏற்றது. 1911 டிசம்பர் 12-ஆம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், கல்கத்தாவிலிருந்து தலைநகரை டில்லிக்கு மாற்றுவதாக தர்பாரில் அறிவித்தார். இருபது வருஷம் கட்டி, 1931-இல் திறப்பு விழா நடத்தினார்கள். ராஜ்யம் நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கையில் எழுப்பிய மாளிகைகள் அவை. பதினாறே வருஷம் அனுபவித்தார்கள்! வைஸ்ராய்க்காகக் கட்டிய 340 அறை மாளிகையில் 1948-இல் கவர்னர் ஜெனரலாகக் குடிபுகுந்தவர் நம் ராஜாஜி. பிற்காலத்தில், 2002 முதல் 2007 வரையில் ஜனாதிபதியாக அதே மாளிகையில் வாழ்ந்தவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். கோட்டையூரும் சேர்ந்திருந்த பழைய ராமநாதபுரம் ஜில்லாக்காரர். முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டால் மாளிகையின் உள்ளே சென்று பார்க்கலாம்.

வட்டமான பழைய பார்லிமெண்டுக் கட்டடத்தை 144 தூண்கள் சுற்றி நிற்கின்றன. அதன் மத்திய மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபை கூடிற்று. 2023 மே மாதத்தில் அதன் அருகே புதுக் கட்டடம் திறந்தார்கள். 1947-இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் அளித்த செங்கோல் இப்போது அங்கே சபாநாயகர் ஆசனத்தின் பக்கத்தில் இருக்கிறது. சபை நடக்கும்போது உள்ளே போக நமது தொகுதி எம்.பி.யின் சிபாரிசு முன்னதாக வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் சபை பெரும்பாலும் கூடுவதில்லையாகையால் வெளியிலிருந்து பார்த்துத் திருப்தியடைய வேண்டியதுதான்.

அங்கிருந்து கிழக்கே இந்தியா கேட். அதன் பின்னே ஒரு கல் மண்டபம். டில்லியைத் தலைநகராக்கிய அந்த ஐந்தாம் ஜார்ஜின் சிலைதான் முன்பு அதில் நின்றது. 1968-இல் அதை அகற்றினார்கள். வெகு காலம் மண்டபம் வெறுமையாக இருந்தது. 2022 செப்டம்பரில் அங்கே நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் சிலையை நிறுவினார்கள். 28 அடி உயரம், கருங்கல்.

இனிச் செங்கோட்டை. ஒரு காலைப் பொழுது முழுவதையும் இதற்கே கொடுக்கவேண்டும். ஷாஜஹான் ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றிக் கட்டிய கோட்டை; 1648-இல் முடிந்தது. லாகூர் வாசலில் நுழைந்தால் இரண்டு பக்கமும் கடைகள். பெண்மணிகள் இங்கே நின்றுவிடுவார்கள். திரும்பும்போது வாங்கலாம் என்று சொல்லி அழைத்துப் போகவேண்டியது. நகரா மண்டபம், அதைத் தாண்டிப் பொது தர்பார் மண்டபம், அதற்கும் அப்பால் வெள்ளைச் சலவைக்கல்லில் திவானி காஸ். மயிலாசனம் இருந்த இடம். 1739-இல் நாதிர் ஷா அதைத் தூக்கிக்கொண்டு போனான். பின்புறச் சுவரையொட்டி ஒரு காலத்தில் யமுனை ஓடிற்று. நதியும் இப்போது தூரம் போய்விட்டது.

அந்த மண்டபத்திலேதான் எண்பத்திரண்டு வயதுப் பாதுஷாவைக் குற்றவாளியாக உட்கார வைத்தார்கள். அப்பத்தாவின் ராஜா இருந்த வீடு இதுதான். அங்கே அவருக்கு ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக் கொஞ்ச நேரம் தனியாக உட்காரவிட வேண்டும்; படம் எடுக்கிறேன் என்று தொந்தரவு செய்யக்கூடாது.

பாதுஷா ரங்கூனுக்குப் போய் எண்பத்தைந்து வருஷம் கழித்து, 1943-இல், அவருடைய சமாதியின் முன் ஒருவர் வந்து வணங்கி நின்றார். அவர்தான் நேதாஜி. "டில்லி சலோ" என்று அதே வருஷம் சிங்கப்பூரில் முழங்கியவர். அந்த முழக்கத்தைக் கேட்டுப் புறப்பட்டவர்களில் மலாயாவிலும் பர்மாவிலுமிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் வடித்த பெண்கள் ஜான்ஸி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களுக்குத் தலைவி சென்னையிலிருந்து போன டாக்டர் லக்ஷ்மி. அவருடைய தாயார் அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர். ஒரே வீட்டில் தாய்க்கு டில்லியில் ஒரு கட்டடம், மகளுக்கு ஒரு கட்டடம் என்று பெண் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

அந்தப் படை டில்லிக்கு வரவில்லை. இம்பால் எல்லையிலேயே மழையிலும் பட்டினியிலும் சிதைந்தது. ஆனால் அதன் தளகர்த்தர்கள் கைதிகளாக டில்லிக்கு வந்தார்கள். 1945 நவம்பரில் இதே செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், ஸகல், தில்லான் ஆகிய மூவரையும் விசாரித்தார்கள். பூலாபாய் தேசாய் வாதாடினார். பல வருஷமாகக் கறுப்பு அங்கியைத் தொடாத நேரு அன்று அதை அணிந்துகொண்டு கோர்ட்டுக்கு வந்தார். ஆயுள் தண்டனை என்று தீர்ப்பாயிற்று. நாடெங்கும் எழுந்த கொதிப்பில், 1946 ஜனவரியில் சேனாதிபதியே தண்டனையை ரத்துச் செய்ய நேர்ந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் கழித்து, 1947 ஆகஸ்டு 16-ஆம் தேதி, இந்தக் கோட்டை மதிலின் மேல் நேரு கொடியேற்றினார். இந்த வரலாற்றைச் சொல்லும் பொருட்காட்சி சாலை 2019-இல் கோட்டைக்குள்ளேயே, ஆங்கிலேயர் கட்டிய சிப்பாய் விடுதியில் திறக்கப்பட்டிருக்கிறது. ரங்கூனிலும் பினாங்கிலும் உறவு இருந்த வீட்டார் அங்கே அவசரப்பட வேண்டாம். நம் அடுக்களைப் பேச்சில் அடிபட்ட ஊர்களின் பெயர்களை அங்கே படிக்கலாம்.

காந்தி மகான் தமது கடைசி 144 நாட்களைக் கழித்த பிர்லா மாளிகைதான் இன்றைக்குக் காந்தி ஸ்மிருதி. 1948 ஜனவரி 30-ஆம் தேதி அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்கு அவர் நடந்த பாதையில், அடியடியாகச் சிமெண்டில் பதித்திருக்கிறார்கள். சிறிய தூரம், அப்பத்தாகூடச் சிரமமில்லாமல் நடந்துவிடலாம். கட்டணம் கிடையாது. ராஜகாட்டுக்குப் போவதானால் அக்டோபர் 2-ஆம் தேதி காலையைத் தவிர்ப்பது நல்லது. ஜனாதிபதியும் பிரதமரும் வரும் சமயம். பந்தோபஸ்து பலமாக இருக்கும்.

ஆக்ராவை விட்டுவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். மருமகள் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். ஆகவே ஐந்தாவது நாளொன்று சேர்ந்தது. நிஜாமுதீனிலிருந்து காலையில் கதிமான் எக்ஸ்பிரஸ் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடி ஆக்ராவில் விடும். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு அந்த ரயிலும் ஓடாது. அப்பத்தா வரவில்லை என்று சொல்லிவிட்டார். கரோல்பாக்கில் எடுக்கும் அறையில் தங்கி, மத்தியானம் வாடகை வண்டி பிடித்து ஹுமாயூன் சமாதிக்கு மறுபடி ஒரு தடவை போய் வருவாராம். துணைக்கு யார் போவது என்பது பற்றி, நான் விடைபெறும்போது பேரனும் பேத்தியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.